ஏழு டிகிரி வித்தியாசம்

பினாங்கு பெக்காவில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு இது தெரியும். மிதிப்பவர் பின்னால் இருக்கிறார். நாம் முன்னால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். கடைத்தெரு முனையில் அவர் கைப்பிடியை வளைக்கும்போது சக்கரம் மட்டும் திரும்புவதில்லை. அச்சு, இருக்கை, குடை, நாம் என்று முன்பக்கம் முழுவதும் சேர்ந்து திரும்புகிறது.

குதிரை பூட்டிய நான்கு சக்கர வண்டிகளும் நெடுங்காலம் இப்படித்தான் திரும்பின. முன் அச்சின் நடுவில் ஓர் ஆணி. அதைச் சுற்றி அச்சு முழுவதும் சுழலும். நம் கோயில் தேருக்கு அந்த வசதியும் கிடையாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, தேரையே சரித்து நகர்த்தித்தான் வீதி முனையில் திருப்புகிறார்கள். அச்சு முழுவதும் சுழலும் வண்டியில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு சக்கரம் கல்லில் மோதினால், பாதி அச்சின் நீளமே நெம்புகோலாகி முன்பகுதியைத் திருகிவிடும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி குடை சாய்ந்துவிடும்.

இதற்கு விடை கண்டவர் மியூனிக் நகரின் வண்டிக் கொல்லர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர். அச்சை அசையாமல் வைத்துவிட்டு, அதன் இரு நுனிகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனியாகத் திருப்பலாம் என்றார். அவருக்காக லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். ஆண்டு 1818. வாங்கிக் கொடுத்தவர் பெயரே அந்த முறைக்கு நிலைத்துவிட்டது. பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின், அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே இதே வழியை யோசித்திருந்தார். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்னால் இரண்டு வைத்தால் எப்படித் திருப்புவது என்பது அவருக்கு அப்போது பிடிபடவில்லை. 1893-இல்தான் நான்காவது சக்கரத்துக்கு வந்தார்.

அப்படி என்ன சிக்கல்? ஆயர் ஈத்தாமில் என் மாமா வீட்டுப் போர்ச்சில் நிற்கும் மோரிஸ் மைனரை வைத்தே பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 218 செ.மீ.; முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 128 செ.மீ. வண்டி வளையும்போது நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குச் சின்ன வட்டம், வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் பெரிய வட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்சக்கரம் 30 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் 23 டிகிரிதான் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதாவது ஒன்று உருளாமல் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும்.

ஒரே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இரு சக்கரங்களும் இரு வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். கணினியோ பல்சக்கரக் கூட்டமோ எதுவும் இல்லாமல் இதைச் செய்வது சில இரும்புத் தண்டுகள். சக்கரத்திலிருந்து பின்னோக்கி நீளும் இரு கைகளையும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்துவிடுகிறார்கள். அந்தச் சாய்வின் கோட்டை மனத்தில் நீட்டிப் பாருங்கள், பின் அச்சின் நடுவிற்கு அருகே போய்ச் சேரும். இரு கைகளையும் தண்டு இணைக்கும்போது சரிவகம் ஒன்று உருவாகிறது. செவ்வகமாக இருந்தால் இரு சக்கரமும் சமமாகத் திரும்பும். சரிவகம் என்பதால் உள்சக்கரம் முந்திக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் பரப்பளவு மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்ட அந்தச் சரிவகம் இத்தனை வேலை செய்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். வண்டி 1948-இல் வெளிவந்தது. பிரிட்டனில் 10 இலட்சத்தைத் தொட்ட முதல் கார் அதுதான். மாதிரி வண்டி ஒல்லியாகத் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்த பிறகே அவருக்குத் திருப்தி வந்தது. பானெட்டின் நடுவில் ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் தழும்பு. சக்கரங்களின் இடைவெளி அவ்வளவு கூடினாலே நம் கணக்கின் 23 டிகிரி ஏறக்குறைய அரை டிகிரி மாறிவிடும். கண்ணுக்கு அழகு தேடினால் கணக்கையும் மறுபடி போடத்தான் வேண்டும்.

போன மழைக்காலத்தில் தஞ்சோங் பூங்கா தாண்டி பத்து ஃபிரிங்கி போகும் கடலோர வளைவுகளில் மாமாவின் வண்டி கொஞ்சம் அலைந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் வண்டி கேட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமா வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அடியில் கையை விட்டார். "தம்பி, ஸ்டீயரிங்க லேசா ஆட்டு. திருப்பாத, ஆட்டு மட்டும்." ஆட்டினேன். இரு கைகளையும் இணைக்கும் அந்தத் தண்டான டை ராடின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்டின் மேல் விரலை வைத்திருந்தவர், என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். 'டிக்' என்று ஒரு சின்னத் துள்ளல் விரலில் பட்டது.

பால் ஜாயின்ட் எனும் பந்துமூட்டு நம் தோள்மூட்டைப் போலத்தான். கிண்ணத்துக்குள் பந்து, நடுவே கிரீஸ், மேலே ரப்பர் உறை. நம் ஊர் வெயிலில் ரப்பர் வெடிக்கிறது. மழைநீரும் மணலும் உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி அரைக்கத் தொடங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் பெரிதா என்று கேட்கலாம். சக்கரத்திலிருந்து நீளும் அந்தக் கை 12.5 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. ஆட்டம் சக்கரத்தின் திசையை 125-இல் ஒரு பங்கு மாற்றும். பினாங்குப் பாலத்தில் 80 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். அதற்குள் அந்தச் சக்கரம் நோக்கும் இடம் ஏறக்குறைய 18 செ.மீ. தள்ளிப் போய்விடும். பக்கக்காற்றும் சேர்ந்தால் ஓட்டுபவர் சும்மா இருக்க முடியாது.

பழைய மூட்டைக் கழற்றுவதில்தான் எனக்கு மிகப்பெரிய வியப்பு காத்திருந்தது. மூட்டின் தண்டு கூம்பு வடிவம். கையின் நுனியில் இருக்கும் கூம்புத் துளையில் அது போய் இறுகியிருக்கிறது. சரிவு மிகக் குறைவாக இருக்கும்போது உராய்வே பூட்டாகிவிடும். நட்டைக் கழற்றிய பிறகும் மூட்டு அசையவே இல்லை. என்ன செய்வது? தண்டின் நுனியில் அடித்தால் மறை நசுங்கும். மாமா இரண்டு சுத்தியல் எடுத்தார். பெரியதைத் துளையின் ஒரு பக்கத்தில் அண்டக் கொடுத்து, மறுபக்கத்தில் மற்றதால் ஓங்கி ஓர் அடி. ஒன்றும் இல்லை. இன்னோர் அடி. மூன்றாவதில் 'டக்' என்று மூட்டு தானாகக் கீழே விழுந்தது! அந்த அடியில் வட்டத் துளை ஒரு கணம் நீள்வட்டமாகிறது. கூம்பைப் பிடித்திருந்த உராய்வு அந்த ஒரு கணத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறது. இரும்பும் ரப்பர்போல நெகிழ்ந்து மீளும் என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தேன்.

பழைய மூட்டைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, 17 என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார். புதியதை அதே 17 சுற்று ஏற்ற வேண்டும். அப்போதுதான் தண்டின் நீளம் மாறாது. நட்டு கழலாமல் காக்கும் பழைய ஸ்பிளிட் பின்னை அவர் மறுபடி போடவே இல்லை. ஸ்பிளிட் பின் நுழையும் துளையும் நட்டின் வெட்டும் நேராக வராவிட்டால், நட்டைத் தளர்த்தி நேராக்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குகிறார்.

பிறகு வந்தது அளவு. இரு முன் டயர்களின் நடுவிலும் சாக்பீஸ் கோடு. பின்புறத்தில் அச்சின் உயரத்தில் இடைவெளியை அளந்துவிட்டு, அந்தக் கோடுகள் முன்புறம் வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளக்கிறோம். முன்புற அளவு ஓர் அங்குலத்தில் 32-இல் 3 பங்கு, அதாவது 2.4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். நிற்கும் வண்டியின் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது ரோடு அவற்றை வெளியே தள்ளுகிறது. மூட்டுகளின் மிச்சசொச்ச இடைவெளி இறுகி, சக்கரங்கள் நேராகிவிடுகின்றன. வீட்டு அளவு வொர்க்ஷாப் வரை மெதுவாக ஓட்டிப்போகத்தான். அங்கே அலைன்மென்ட் பார்த்த பிறகே மாமா கடலோர ரோட்டில் ஏறினார்.

உங்களில் யாரிடமாவது இன்னும் மைனர் இருந்தால் ஒரு வேண்டுகோள். டை ராட் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முன் சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மறை வெட்டியிருக்கிறது. அது ட்ரன்னியன் என்ற கட்டைக்குள் சுழல்கிறது. அந்தப் பக்கத்து எடை கீழ் மறையின் மேல்தான் தங்கியிருக்கிறது. கிரீஸ் காய்ந்து மறை தேய்ந்துபோனால் சக்கரம் ஒருநாள் அப்படியே மடங்கிவிடும்; மைனர்களில் இது நன்கு தெரிந்த கோளாறு. மாமா 1,000 மைலுக்கு ஒருமுறை, வண்டி ஓடாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அழுத்துகிறார். பத்து நிமிட வேலை.