அந்த வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்

ஏர்வாடி மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அங்கிருந்த இதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டு 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கு வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னது.

இதெல்லாம் நம் மாவட்டம் கொடுத்த விலைக்கு நாடு பெற்ற பலன். ஆனால் காப்பகம் மூடப்பட்ட பிறகு நோயாளிக்கு மிஞ்சுவது வீடுதான். வீட்டில் உறவுகளோடு வாழ்வது நோயாளியின் உரிமை என்று அதே சட்டம் சொல்கிறது. சரியான பேச்சுதான். அந்த வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்ற தீவிர மனநோயால் ஆயிரம் பெரியவர்களில் சுமார் 8 பேர் பாதிக்கப்பட்டிருப்பதாக அது கூறியது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்கள்தொகை 13.5 லட்சம். பெரியவர்கள் 9 லட்சம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 7,000 பேருக்கு மேல் வருகிறது. இவர்களில் பலர் தாய்மார்கள், தந்தைமார்கள்.

ஒற்றை அறைக்குள் ஒரு நாள்

நம் மக்கள் வாழும் தொகுப்பு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு திண்ணை. அதற்குள்தான் இரவெல்லாம் தூங்காமல் தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் அம்மா. யாரோ சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடும் அப்பா. நோயாளிக்கு என்று தனி அறை கிடையாது. படிக்கும் பிள்ளைக்கும் கிடையாது. அப்பாவுக்கு எந்த நேரம் கோபம் வரும், அம்மா எந்த நேரம் வாசலைத் தாண்டி ஓடுவார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிற்காது.

இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான் அம்மா ஆகிறாள். தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது, ரேஷன் கடைக்குப் போவது, மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கினாரா என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. பள்ளிப் பதிவேட்டில் அது ‘வருகையின்மை’ என்று ஏறுகிறது. ஏழாம் வகுப்பிலோ எட்டிலோ பெயர் நீங்கிவிட்டால் ‘இடைநிற்றல்’. காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், சமைக்க முடியாத தாயின் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த வீடுகளில் இருந்து பார்த்தால்தான் தெரியும். காலையும் மதியமும் சுடச்சுடச் சோறு, அதுவும் யாரிடமும் கேட்காமல். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போகும் அக்காவுக்குக் காலை உணவு கிடையாது. கோடை விடுமுறையில் இருவருக்கும் கிடையாது.

பசியைவிட ஆழமாகப் போவது வெட்கம். ‘பைத்தியக்காரி மகன்’ என்ற சொல் வகுப்பறையிலேயே வந்து விழும். சாதியைச் சொல்லி ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. நோய் வந்த வீட்டோடு சம்பந்தம் வைக்க நம் தெருவே தயங்கும். அதனால் வீடு நோயை மறைக்கிறது. மறைக்கும் வேலையும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

நம் தெருவுக்கு ஏன் கூடுதல் பாரம்

மனநோய் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் வந்த பிறகு குடும்பம் தாங்குமா, சாயுமா என்பதில் சாதிக்குப் பங்கு உண்டு.

இம்மாவட்டத்தில் 18 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். நாட்டில் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு 2018இல் பட்டியலிட்டபோது, தமிழகத்தில் இருந்து அதில் சேர்ந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். இங்கே நம்மில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மிளகாய்க் காட்டு வேலை, சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, உப்பளம், 100 நாள் வேலை. அடகு வைக்க நிலம் இல்லை. மாதம் ஒருமுறை ராமநாதபுரத்துக்கு நோயாளியை அழைத்துப் போனால் இருவர் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் வேறு. நோயாளி பேருந்தில் கத்தினால் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த மாதம் கையில் காசு இல்லையென்றால் மாத்திரை நிற்கிறது. மாத்திரை நின்ற சில வாரங்களில் நோய் திரும்புகிறது. தீவிர மனநோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை என்று அதே தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த ஏழு பேரில் நம்மவர்கள் இருப்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

பல ஊர்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஊரில் இருந்து தள்ளியே இருக்கிறது. செவிலியர் வருவதும் அங்கன்வாடிப் பணியாளர் எட்டிப்பார்ப்பதும் அந்தத் தூரத்தைக் கடந்துதான்.

அடுத்தது காவல் நிலையம். தெருவில் திரியும் மனநோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், வீட்டில் அவர் கொடுமைக்கு ஆளானால் நடுவருக்குத் தெரிவிப்பதும் காவல் துறையின் கடமை என்கிறது 2017 சட்டம். 2011 செப்டம்பர் 11 பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 6 உயிரைப் பறிகொடுத்த மக்கள், வீட்டுப் பிரச்சினைக்குப் போலீசை அழைப்பார்களா? உதவிக்கான இந்த வாசலும் நமக்குப் பாதிதான் திறந்திருக்கிறது.

தர்காவும் மாத்திரையும்

இந்தப் பின்னணியில்தான் நம் மக்கள் ஏர்வாடிக்குப் போவதைப் பார்க்க வேண்டும். பாதுஷா நாயகத்தின் தர்கா வாசலில் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லோரும் வருகிறார்கள். நோயாளியோடு குடும்பமே வந்து வாரக்கணக்கில் தங்குவதும் உண்டு. அப்போது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அறுந்துபோகும். அல்லது அவர்கள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ விடப்படுவார்கள்.

நம்பிக்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் ‘தவா - துவா’ திட்டம் ஏர்வாடி தர்காவில் நடைமுறையில் இருக்கிறது. துவாவை விடாமலே மாத்திரையும் சாப்பிடலாம். தினமும் மாத்திரை கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தும் உண்டு. அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த ஊசியால் நோயாளிக்கு மட்டும் நன்மை இல்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பில் இருந்து பத்து வயதுப் பிள்ளையும் விடுபடுகிறது.

பிரசவம் முடிந்த வீடுகளையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில், முதல் சில வாரங்களுக்குள் தாய்க்குத் திடீரென்று கடுமையான மனநோய் வரும். தூக்கம் போகும், பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்பார், இல்லாத குரல்கள் கேட்கும். ‘காத்து கருப்பு’ என்று கோடாங்கியிடம் ஓடும் நாள்களில் தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து. இது அவசர சிகிச்சைக்குரிய நோய். சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான தாய்மார்கள் நலமடைகிறார்கள். மருத்துவமனையில் சேர்த்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடம் இருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

பிள்ளைக்கும் வருமா?

எல்லாப் பெற்றோரும் பயந்து பயந்து கேட்கும் கேள்வி இது. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வரலாம். தாய், தந்தையரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு வரலாம். மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்று குடும்பத்தையே முத்திரை குத்துவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்திகள் எளிமையானவை. வீட்டிலோ பக்கத்திலோ நிலையான ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை தாக்குப்பிடிக்கிறது. அது அம்மாச்சியாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். அம்மாவுக்கு வந்திருப்பது ஒரு நோய், அது உன்னால் வரவில்லை என்று பிள்ளையின் வயதுக்கு ஏற்ற மொழியில் யாராவது சொன்னால் பாதிப் பயம் போகிறது. பள்ளிக்கூடம் அறுந்துபோகாமல் இருந்தால் மீதியும் தேறும்.

என்ன கிடைக்கும்?

மனநோய், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இடம்பெற்றுள்ள ஒரு மாற்றுத்திறன். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று பெற்றால் அடையாள அட்டையும், விதிகளின்படி உதவிகளும் கோரலாம். ஆனால் சான்று தருபவர் மனநல மருத்துவர். சிகிச்சைக்கே போகாத வீட்டுக்குச் சான்றும் இல்லை, உதவியும் இல்லை. முதல் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கென்று இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில், நோயால் பிள்ளையைப் பராமரிக்க முடியாத பெற்றோரின் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில், பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவர் உடல் அல்லது மனரீதியாக மாற்றுத்திறனாளியாக இருக்கும் குழந்தைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதி, இன்றைய பெயரில் சமூகநீதி விடுதி, இன்னொரு வழி. தம்பிக்கு அது பொருந்தும். வீட்டைச் சுமக்கும் அக்காவை விடுதிக்கு அனுப்பினால் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். அவளுக்கு விடுதியைவிட வீட்டுக்கு வரும் சிகிச்சைதான் தேவை.

சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பெற்றோர் கையெழுத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரு பெரியவர் அலைய வேண்டும். இந்த வீட்டில் அலைய ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினையே. நம் இயக்கங்களும் மகளிர் குழுக்களும் படித்த இளைஞர்களும் செய்யக்கூடிய முதல் வேலை இது. குடியிருப்புக்கு ஒருவர் பொறுப்பேற்றால் போதும்.

ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்

நார்வேயில் 2010 முதல், மனநோய் உள்ளிட்ட கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குச் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்து, அவர்களின் தேவையைக் கவனிப்பது மருத்துவப் பணியாளர்களின் சட்டப்படியான கடமை. அதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவு, வீடு சார்ந்த மறுவாழ்வு, குழந்தைகள் மனநலம் ஆகிய சேவைகளை அரசு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் சீட்டு எழுதும்போதே ‘வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டுக் குறிக்கட்டும். அந்தக் குறிப்பு குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் போகட்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. அதே பையில் மனநோய் மாத்திரையும் நம் குடியிருப்புக்கு வர மாவட்ட நிர்வாகம் வழி செய்யட்டும்.

ஏர்வாடியில் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அறுத்தோம். மூத்த மகளை வீட்டோடு கட்டிப்போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள்.

உடனடி உதவிக்கு: மனநல ஆலோசனை 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் 24 மணி நேரமும் இலவசம்.