ஒரு டாலருக்குக் கைமாறிய டாக்

கப்பலில் அதிகம் சீரழிவது நம் கண்ணில் படாத அடிப்பாகம்தான். பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு எகிறும். சுரண்டி, பெயின்ட் அடித்து, புரொப்பெல்லரைப் பார்க்க வேண்டும். அதற்காகக் கப்பலைத் தூக்க வேண்டாம், தண்ணீரை எடுத்துவிட்டால் போதும். அதற்குத்தான் டிரை டாக்: கரையைக் குடைந்து கட்டிய பெரிய தொட்டி.

கப்பல் மிதந்தபடியே உள்ளே வரும். வாயிலை அடைக்கும் கதவு பெரும்பாலும் உள்ளே கூடான இரும்புப் பெட்டி. தண்ணீர் நிரப்பினால் அமிழ்ந்து அடைத்துக்கொள்ளும், காலி செய்தால் மிதக்கும், இழுத்து ஒதுக்கலாம். அப்புறம் பம்பு ஓடும். நீர் இறங்க இறங்க, தரையில் அடுக்கிவைத்த கட்டைகள்மேல் கப்பல் மெல்ல உட்காரும். சூட்சுமமே அந்தக் கட்டைகளில்தான். அந்தந்தக் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே அடுக்கியாக வேண்டும். இடம் தப்பி உட்கார்ந்தால் அடித்தகடு நசுங்கிவிடும்.

ஓடாத கப்பல் தினமும் நஷ்டம். அதனால் டாக்கைத் தேடி வழி விலகிப் போக எந்த முதலாளிக்கும் மனசு வராது. சிங்கப்பூரோ இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. 1859-இல் கேப்டன் வில்லியம் கிளௌட்டன் அங்கே முதல் டாக்கைத் திறந்தார். அதே வருஷம்தான் ஐரோப்பாக் கப்பல்களுக்கு இந்தப் பக்கம் வரும் வழியைக் குறுக்கும் கால்வாயைச் சூயஸில் வெட்டத் தொடங்கினார்கள். 1864-இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி வந்தது. அதன் விக்டோரியா டாக் 1868-இல் தயார், மறுவருஷம் கால்வாய் திறந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்பார்கள். பத்து வருஷமாக ஊருக்கே தெரிந்த சேதி, நான் கணக்கு என்றுதான் சொல்வேன்.

போட்டிக் கம்பெனிகள் 1899-இல் ஒன்றாயின. 1905-இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1913-இல் கிங்ஸ் டாக். வடகரையில் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படை தனக்கென்று 1938-இல் திறந்த டாக் 1000 அடி நீளம்.

1968-இல் பிரிட்டன் மூட்டை கட்டப்போவதாக அறிவித்தபோது சிங்கப்பூர் கலங்கிப்போனது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு ராணுவத் தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் தளத்தின் கப்பல் பட்டறை பேருக்கு 1 டாலர் விலையில் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. நடத்திக் காட்ட ஸ்வான் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை அமர்த்தி, செம்பவாங் ஷிப்யார்டைத் தொடங்கினார்கள். கட்டடமும் கிரேனும் கிடைத்ததைவிட, கைத்தொழில் தெரிந்த ஆட்கள் அப்படியே கிடைத்ததுதான் பெரிய லாபம் என்பேன். அவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் நிறைய. தளத்தில் அவர்கள் எழுப்பிய பாலசுப்பிரமணியர் கோயில் இப்போது ஈசூனில் இருக்கிறது.

கிங்ஸ் டாக் இருக்கும் கெப்பல் கரையில் நில விலை ஏறியதும் பட்டறை மேற்கே துவாஸுக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், டாக்கில் உல்லாசப் படகுகள். அந்தப் பட்டறையை நடத்திய கெப்பல் கம்பெனியின் கப்பல் தொழிலும் செம்பவாங்கை வைத்திருந்த குழுமமும் 2023-இல் இணைந்து சீட்ரியம் என்ற ஒரே கம்பெனியாகிவிட்டன.