அரச மாளிகையில் ஓர் ஓவியக்கூடம்

புது டில்லியில் இந்தியா வாயிலைச் சூழ்ந்த அறுகோணத் திடலை நோக்கிச் சில மாளிகைகள் நிற்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், சுதேச மன்னர்கள் தலைநகரில் தங்குவதற்கென எழுப்பியவை அவை. அவற்றுள் ஒன்று 1936-இல் கட்டப்பட்ட ஜயப்பூர் மாளிகை. நடுவே குவிமாடமும் இருபுறமும் சிறகுகளுமாக, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்தது.

மன்னராட்சி மறைந்தபின் அம்மாளிகை மக்களுக்கு உரியதாயிற்று. 1954 மார்ச் 29-ஆம் நாள், குடியரசின் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நவீனக் கலைக்கான தேசியக் கூடத்தை அங்கே திறந்து வைத்தார். பிரதமர் நேருவும் உடனிருந்தார். 2009-இல் புதிய கட்டடம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

"ஓவிய நுட்பம் அறியாத நமக்கு அங்கு என்ன வேலை?" என்று பலர் வாயிலோடு திரும்பிவிடுகின்றனர். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பெரும்பாறையை நால்வர் பெயர்க்க முயலும் 'உழைப்பின் வெற்றி' என்னும் சிலையைச் சென்னைக் கடற்கரையில் காணாதவர் உண்டோ? சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராய் விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌதுரியின் அச்சிற்பம் இங்கும் உண்டு. அதில் புடைத்த தசையைக் கண்டு உழைப்பின் பாரத்தை உணர்ந்தவர், கலையைக் காணத் தெரிந்தவரே ஆவார்.

இக்கூடத்தின் பெருஞ்செல்வம் அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்கள். 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிசில் பயின்ற அவர் 1941-இல், இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அஜந்தாவையும் தென்னாட்டையும் கண்டு திரும்பியபின், 1937-இல் அவர் தீட்டியவற்றுள் ஒன்று 'பிரமசாரிகள்'. வெள்ளை வேட்டியணிந்த இளைஞர் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் மேனியின் நிறம் மற்றவருடையது அன்று. அவர்களிடையே நிலவும் அமைதியை உணரப் புலமை எதுவும் வேண்டா, பொறுமை போதும். 1976-இல் அவருடைய படைப்புக்கள் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. ஆகவே, இந்நாட்டிலுள்ளவற்றை விலைக்கு வாங்கியவரும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல இயலாது.

எனவே, ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட விரையாதீர்கள். பெயர்ப் பலகையைப் படிக்குமுன் படத்தைப் பாருங்கள். முதலில் சற்றுத் தொலைவில் நின்றும், பிறகு அருகே சென்றும் நோக்குங்கள். பத்துப் படங்களின்முன் நின்று பார்த்தவர், நூறு படங்களைக் கடந்து சென்றவரைவிட அதிகம் கண்டவராவார். திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில், ஒரு காலத்தில் மன்னரின் விருந்தினருக்கு மட்டுமே திறந்த கதவு எளிய குடிமகனுக்கும் திறந்திருக்கிறது. அவ்வழியே உள்ளே செல்வது நம் உரிமை.