ஆடியோ செட்டுக்கு சர்ஜ் புரொடெக்டர் வாங்குமுன்

நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு, இரவு வீடு திரும்பியதும் சற்று நேரம் பாட்டுக் கேட்பது நம்மில் பலருக்கும் வழக்கம். பழைய வால்வு ரேடியோ மின்சாரத்தின் துள்ளலை ஓரளவு தாங்கிக் கொண்டது. இன்றைய ஆம்ப்ளிஃபையர், ஹோம் தியேட்டர் செட்டுகளில் உள்ள சில்லுகள் அப்படித் தாங்குவதில்லை. அச்சன்புதூர், வடகரை, பண்பொழி போன்ற நம் மலையடிவார ஊர்களில் சாரல் காலத்தைவிட, சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும்தான் இடி மின்னல் மிகுதி. ஆகவே இதைப் பற்றிச் சிறிது தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

நோய் மூன்று, மருந்தும் மூன்று

முதலாவது, 230 வோல்ட் வரவேண்டிய மின்சாரம் மெதுவாகக் கூடுவதும் குறைவதும். இதற்கு ஸ்டெபிலைசர் போதும்.

இரண்டாவது, பக்கத்தில் இடி விழும்போதும் பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பாயும் மின்பாய்ச்சல். இதை ஸ்டெபிலைசர் தடுக்காது. இதற்குத்தான் சர்ஜ் புரொடெக்டர். அதனுள் வாரிஸ்டர் என்ற சிறு வில்லை இருக்கும். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். வோல்டேஜ் திடீரென ஏறினால், வழி திறந்து அதிகப்படியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும்.

மூன்றாவது, தெருக்கம்பியில் நியூட்ரல் அறுந்து போவது. அப்போது வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்கும் ஏறிவிடலாம். இதைச் சர்ஜ் புரொடெக்டர் தாங்காது, வாரிஸ்டரே கருகிவிடும். வோல்டேஜ் மிஞ்சினால் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் தனியாகப் பொருத்த வேண்டும்.

எர்த் இல்லையேல் பயன் குறைவு

நம் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கும். பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இராது. அங்கே எவ்வளவு விலை உயர்ந்த புரொடெக்டரை மாட்டினாலும் பாதி வேலைதான் நடக்கும். சிலர் நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கி விடுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் செட்டின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. எனவே முதல் செலவு எர்த்துக்கு ஆகட்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் குழியைச் சோதித்து, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றி வருவது அவசியம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சிவப்பு விளக்கும் சுவிட்சும் மட்டும் உள்ள பலகை வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். அட்டையில் ஜூல் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் அதிகம் தாங்கும். செட்டுக்குப் போய்ச் சேரும் உச்ச வோல்டேஜ் 1,500க்கு மேற்படாதிருப்பது நல்லது. இது குறைய குறைய நன்மை. காப்பு வேலை செய்கிறதைக் காட்டும் விளக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் வாரிஸ்டர் தேய்கிறது. அந்த விளக்கு அணைந்தால் பலகையை மாற்றிவிட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர், பிளேயர், டிவி மூன்றையும் ஒரே பலகையில் மாட்டுங்கள். வெவ்வேறு பிளக்கில் மாட்டினால், அவற்றை இணைக்கும் ஒயர் வழியே பாய்ச்சல் புகும். ஸ்பீக்கரில் இரைச்சலும் வரும். 6 ஆம்பியர் பலகை ஏறக்குறைய 1,380 வாட்தான் தாங்கும். அதில் இஸ்திரிப் பெட்டியை மாட்டலாகாது.

இடி முழங்கினால்

நேரடியாக விழும் இடியை எந்தப் பலகையும் தடுக்காது. முழக்கம் தொலைவில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள், டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். அவ்வழியும் பாய்ச்சல் வரும். இடி தலைக்குமேல் வந்தபின் ஒயரைத் தொட வேண்டாம்.

கடையில் உள்ள மின் தராசுக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குத்தான். தரமறிந்து சரக்கு எடுக்கும் நாம், இதையும் அட்டையைப் படித்தே வாங்குவோம். பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவோம்.