கணவர் சொல்லிக்கொடுத்த போர்

சாட்சிகளின் குரல் – 9

அன்றைய சோவியத் பெலாரஸின் மின்ஸ்க் நகரில் ‘உதார்னிக்’ என்றொரு தொழிற்சாலை. சாலை போடும் இயந்திரங்கள் செய்கிற இடம். 1970களின் கடைசியில் அங்கே கணக்குப் பிரிவில் இருந்த ஒரு மூத்த பெண் ஊழியர் பணி ஓய்வு பெற்றார். உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. ஓய்வு பெறும் மரியா இவானோவ்னா மொரோசோவா இரண்டாம் உலகப் போரில் ஸ்னைப்பராக இருந்தவர். 75 பேரைச் சுட்டு வீழ்த்தியவர். பதினொரு பதக்கங்கள் வாங்கியவர்.

செய்தியைப் படித்துவிட்டு அவரைத் தேடிப் போனார் ஓர் இளம் பத்திரிகையாளர். பெயர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். 1948ல் பிறந்தவர். போரை அவர் பார்த்ததில்லை, ஆனால் வீட்டில் போர் இருந்தது. அம்மாவின் அப்பா போர்முனையில் இறந்து ஹங்கேரியில் எங்கோ புதைக்கப்பட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டி கெரில்லாக்களோடு இருந்தபோது டைஃபஸ் காய்ச்சலில் போனார். அந்தப் பாட்டியின் மூன்று பிள்ளைகளில் உயிரோடு வந்தது ஒருவர் மட்டும். அவர்தான் ஸ்வெத்லானாவின் அப்பா. ஆண்கள் அருகிப்போன கிராமத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

மொரோசோவா முதலில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு மறுத்துவிட்டார். போர்ப் படங்களைக்கூடத் தன்னால் பார்க்க முடியாது என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். என்னிடம் ஏன் வந்தீர்கள், என் கணவரைக் கேளுங்கள், தளபதிகள் பெயர், படைப்பிரிவு எண் எல்லாம் அவருக்குத்தான் ஞாபகம், எனக்கு நடந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் என்றார். டேப் ரெக்கார்டரையும் எடுத்து வைத்துவிடச் சொன்னார். கேட்பவரின் கண்ணைப் பார்த்தால்தான் தன்னால் பேச முடியும் என்றார்.

தனக்கு நடந்ததைச் சொல்லத் தனக்கே தகுதியில்லை என்று நினைக்கிற மனிதர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். ஆனால் இவர் துப்பாக்கி பிடித்துப் போர்முனையில் கிடந்தவர். பதினொரு பதக்கம் வாங்கியவருக்கே போர் என்றால் தளபதிகளின் பெயரும் படைகளின் எண்ணும்தான் என்று தோன்றியிருக்கிறது என்றால், அந்த எண்ணத்தை அவருக்குள் யார் வைத்தது? அலெக்ஸியேவிச்சின் அடுத்த ஏழு ஆண்டுகளும் ஒருவகையில் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போயின.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அலெஸ் ஆதமோவிச். ஜெர்மன் படை பெலாரஸில் நூற்றுக்கணக்கான கிராமங்களை மக்களோடு சேர்த்துக் கொளுத்தியது. தப்பிப் பிழைத்தவர்களைத் தேடி ஆதமோவிச்சும் யாங்கா பிரில், விளாதிமிர் கொலேஸ்னிக் என்ற வேறு இரண்டு எழுத்தாளர்களும் டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பதிவுகள் 1975ல் புத்தகமாக வந்தன. சொன்னவர்களின் பேச்சையே புத்தகமாக்கலாம் என்ற பாடத்தை அலெக்ஸியேவிச் அங்கே படித்தார். ஆதமோவிச்சைத் தன் ஆசான் என்று அவர் பிற்பாடும் சொல்லிவந்தார்.

சோவியத் படையில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். விமானம் ஓட்டினார்கள், டாங்கிப் படையோடு போனார்கள், கண்ணிவெடி அகற்றினார்கள், காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து வந்தார்கள், படைக்குத் துணி துவைத்தார்கள். வெற்றிக்குப் பிறகு இவர்களில் பலர் பதக்கங்களைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்கள். போர்முனைக்குப் போன பெண் என்றால் ஊர் வேறு மாதிரிப் பேசியது. கல்யாணப் பேச்சில் அதை மறைக்க வேண்டியிருந்தது. நாடும் மறக்கவே விரும்பியது. மே 9 வெற்றி நாளுக்கு இருந்த விடுமுறையை ஸ்டாலின் அரசு எடுத்துவிட்டது. 1965ல் பிரெஷ்னேவ் காலத்தில்தான் அது திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அணிவகுப்பு, மாலை, பள்ளிக்கூடத்தில் சொற்பொழிவு என்று ஒரு வழக்கமும் கூடவே வந்தது. பேசுவதற்கான வாசகங்களும் தயாராக இருந்தன. முன்னாள் வீரர்கள் மேடையில் அவற்றைச் சொல்லப் பழகினார்கள். ஆண்டுக்கு ஆண்டு சொல்லச் சொல்ல அந்த வாசகங்கள்தான் ஞாபகத்தில் நின்றன.

இதன் உச்சமாக அலெக்ஸியேவிச் ஒரு வீட்டைக் காட்டுகிறார். கணவன், மனைவி இருவரும் போருக்குப் போனவர்கள். பேட்டிக்கு ஆள் வந்ததும் கணவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்: நான் சொல்லிக்கொடுத்தபடி சொல், அழாதே, அழகாக இருக்க ஆசைப்பட்டேன், சடையை வெட்டியபோது அழுதேன் என்பது மாதிரிப் பெண்பிள்ளைப் பேச்செல்லாம் வேண்டாம். அவர் அந்தப் பக்கம் போனதும் மனைவி குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்கிறார். முந்தைய இரவு முழுக்கக் கணவர் போர் வரலாற்று நூலை வைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அந்த அம்மாள் இருந்த போர்தான் அது. அதை அவருக்கே புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கணவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மனைவி தப்பாகச் சொல்லி அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் அவருக்கு. அவரும் போருக்குப் போனவர், அவர் சொல்லிக்கொடுத்ததும் அவருடைய சொந்தச் சொல் இல்லை. கிழவர் ஒருவரிடம் போரைப் பற்றிக் கேட்கிறோம் என்றால் முதலில் வருவது பெரும்பாலும் பாடப்புத்தகமும் மேடையும் சினிமாவும்தான். அவை ஓய்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பலர் அவை ஓய்வதற்கு முன்பே டேப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள்.

அலெக்ஸியேவிச் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் பூராவும் ஒரே வீட்டில் இருப்பார். தேநீர் குடிப்பார். புதிதாக வாங்கிய ரவிக்கையைப் பார்ப்பார், சமையல் குறிப்பு பேசுவார், பேரப்பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்குப் பிறகு எப்போதோ ஒரு நேரத்தில் எதிரே இருப்பவர் தனக்குள் திரும்புவார். பேச்சின் ஓசையே மாறும். கூட இன்னொரு ஆள், அது மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் வராது என்பதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். சபை என்று ஒன்று வந்துவிட்டால் பேசுவது மேடைக்காரர்தான்.

அப்படி வந்தவற்றில் ஒன்று ஸ்னைப்பர் பெண்கள் பேசும் பகுதியில் இருக்கிறது. படைக்கு வரவேண்டிய உணவு பின்தங்கிவிட்டது. எல்லோருக்கும் பசி. எங்கிருந்தோ ஒரு குதிரைக்குட்டி, பஞ்சு மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு, குண்டுச் சத்தத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் வெட்டவெளியில் நடந்து வருகிறது. கூட இருந்தவர்கள் சூப்புக்கு ஆகும் என்கிறார்கள். பழக்க தோஷத்தில் கை துப்பாக்கியை எடுத்துவிட்டது, சுட்டாகிவிட்டது. ராத்திரி சாப்பாடு வந்தபோது இன்றைக்குப் பானையில் கறி இருக்கிறது என்று சமையல்காரர்கள் அந்தப் பெண்ணைப் பாராட்டுகிறார்கள். அவர் ஓவென்று அழுதுகொண்டு பதுங்குகுழியை விட்டு வெளியே ஓடுகிறார். போர் வரலாற்று நூல் எதிலும் இந்தக் குட்டிக்கு இடம் கிடையாது. எத்தனை பேரைச் சுட்டார் என்ற கணக்கை அரசாங்கம் வைத்திருந்தது. குட்டியின் கணக்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

பேசவைப்பதோடு வேலை முடியவில்லை. டாங்கிப் படையில் மருத்துவ உதவியாளராக இருந்த ஒரு பெண்மணி மனம்விட்டுப் பேசினார். எழுத்தாக்கிய பக்கங்களை அலெக்ஸியேவிச் அவருக்கு அனுப்பிவைத்தார். சில வாரங்களில் கனமான பொட்டலம் ஒன்று திரும்பி வந்தது. உள்ளே அந்த அம்மாளைப் பற்றிய பத்திரிகை நறுக்குகளும், பள்ளிக்கூடங்களில் அவர் ஆற்றும் தேசபக்திப் பணி பற்றிய அறிக்கைகளும் இருந்தன. அனுப்பிய பக்கங்களில் பெரும்பகுதி அடிக்கப்பட்டிருந்தது. சமையல்காரர்கள் கொப்பரையில் குளித்த வேடிக்கை போயிருந்தது. ஒரு லெஃப்டினன்ட் மேல் அவருக்கு இருந்த பிரியம் வருகிற இடத்தில் ஓரத்தில் குறிப்பு: என் மகனுக்கு நான் தெய்வம், இதைப் படித்தால் அவன் என்ன நினைப்பான்?

சொன்னவரும் அவர்தான், அடித்தவரும் அவர்தான். இதில் எது அவருடைய சொந்தச் சொல்? இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மகனை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவைத் தெய்வமாக வைத்திருந்த அந்தப் பிள்ளைக்கு, போர்க்களத்தில் ஒருவரை விரும்பிய இளம்பெண்ணைக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கலாம்.

புத்தகம் 1983லேயே தயார். பதிப்பகத்தில் இரண்டு வருடம் கிடந்தது. சோவியத் பெண்ணின் வீரத்தை இழிவுபடுத்துகிறது என்றார்கள். கோர்பச்சேவ் வந்த 1985ல் ‘போருக்குப் பெண் முகம் இல்லை’ வெளியாகி, சுமார் இருபது லட்சம் பிரதிகள் போயின. தணிக்கையில் வெட்டுப்பட்ட பகுதிகளைப் பின்னர் வந்த பதிப்பில் சேர்த்தார், தணிக்கையாளரோடு நடந்த பேச்சையும் சேர்த்து. 2015ல் நோபல் பரிசு.

இங்கே நிறுத்திவிட்டால் அது அரைகுறை. ஆப்கானிஸ்தான் போரில் இறந்த சோவியத் சிப்பாய்கள் துத்தநாகப் பெட்டிகளில் வீடு திரும்பினார்கள். அந்தப் போரைப் பற்றி அவர் பின்னர் எழுதிய நூலுக்காகப் பேசிய தாய்மார்களும் சிப்பாய்களும் சிலர் 1992–93ல் மின்ஸ்கில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார் என்பது புகார். பெண் வீரர்கள் பற்றிய நூலிலும் ஒரே ஆளின் பேச்சு பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர் மகத்தான எழுத்தாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கணவர் சொல்லை விலக்கி உள்ளே போன எழுத்தாளர் தன் சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டால், பேசியவருக்கு அதுவும் இழப்புதான். அதனால்தான் மூலப்பதிவு முக்கியம் என்கிறேன். எழுத்தாளர் எப்படி வேண்டுமானாலும் புத்தகம் செய்யட்டும். பேசியது பேசியபடி தனியாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் 2000ல் சட்டம் இயற்றித் தொடங்கிய முன்னாள் வீரர் வரலாற்றுத் திட்டம் அந்த வழியில்தான் போகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு முன்னாள் வீரரைப் பேட்டி எடுத்து அனுப்பலாம். குறைந்தது அரை மணி நேரம் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டியிருக்கக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம். 1971 போருக்கு இருபது வயதில் போனவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1962ல் போனவர் எண்பதைத் தாண்டிவிட்டார். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று காட்டுவதற்கு ஒரு வீடாவது இருக்கும். சுதந்திர தினத்தன்று கொடியேற்றக் கூப்பிடுகிறோம். பேசச் சொல்கிறோம். அவரும் அந்த மேடைக்குத் தகுந்ததைப் பேசிவிட்டு இறங்குகிறார்.

எழுத்தாக்கும்போது நம்மிடம் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒருவர், “அன்னிக்கு ராத்திரி பூரா மழ. பூட்ஸுக்குள்ள தண்ணி. லங்கர்லேர்ந்து ரொட்டி வரல. பக்கத்துல இருந்த பய அவங்க அம்மாவயே கூப்ட்டுக்கிட்டு இருந்தான்” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் அது, ‘கொட்டும் மழையிலும் உணவின்றி எங்கள் படைப்பிரிவு துணிச்சலுடன் நிலைகொண்டிருந்தது’ என்று வருகிறது. அம்மாவைக் கூப்பிட்ட பையன் எங்கே போனான்? பட்டாளத்து இந்தியும் ஊர்த் தமிழும் கலந்த அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டும். சமையல்கூடம் என்று மாற்றாமல் லங்கர் லங்கராகவே இருக்கட்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செல்போன் பதிவே போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தொலைக்காட்சியையும். வீட்டார் கூடவே உட்கார்ந்து “தாத்தா, அந்த மெடல் கதையச் சொல்லுங்க” என்று எடுத்துக்கொடுத்தால் கோபப்படாதீர்கள். அந்த மெடல் கதையை முழுதாகக் கேளுங்கள், பிறகு இன்னொரு நாள் அவர் தனியாக இருக்கும்போது போங்கள். எந்தப் போர், எந்தத் தளபதி என்று ஆரம்பிக்க வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், வீட்டுக்கு யார் கடிதம் எழுதிக்கொடுத்தது, லீவில் வந்தபோது அடையாளம் தெரியாமல் நின்றது யார் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

அந்த மருத்துவ உதவியாளர் அம்மாளின் பொட்டலத்துக்கும் வாய்மொழி வரலாற்று ஆவணக் காப்பகங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சொன்னவர் விரும்பினால் பதிவின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, அல்லது தன் காலம் முடியும்வரை, மூடி வைக்கச் சொல்லலாம். எதையும் அடிக்க வேண்டியதில்லை. பதிவு முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, இதை இப்போதே கேட்கலாம், இதை என் காலத்துக்குப் பிறகு கேட்கலாம், இதை யாரும் கேட்க வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்து வாங்குங்கள். மகனிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

(தொடரும்)