பழைய மாருதி வாங்கப் போகிறீர்களா?

நமது தோட்டங்களிலே ஈ.பி.எப். பணம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "ஒரு சின்னக் கார் எடுத்தா ஆஸ்பத்திரிக்கும் ஆகும், ஹயரும் ஓடலாம்" என்பதுதான். இந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டோம். நடு ராத்திரியிலே லயத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தால், மாத்தளைக்குப் போக வண்டி தேடி அலைவது என்னவென்று நமக்குத் தெரியும். ஆனால் அம்மா ஐம்பது வயது வரை கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் அது. இன்னொரு தடவை வராது.

குறைந்த விலை என்றதும் பெரும்பாலும் கண்ணில் படுவது மாருதி 800. இந்தியாவிலே 1983 டிசம்பரில் வெளிவந்த கார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும், எந்த கராஜ் பாஸுக்கும் கழற்றிப் பூட்டத் தெரியும். நல்ல கார்தான். ஆனால் 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்று விட்டது. ஆகவே "புதுசு மாதிரி" என்று யார் சொன்னாலும் அது பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார். அதோடு 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், பழைய இரும்புக்குப் போக வேண்டியதுகூட டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்து விலைக்கு வந்தது.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்ப வேண்டாம். அதைக் குறைப்பது பெரிய வித்தையல்ல. மீட்டர் நாற்பதாயிரம் என்று சொல்லும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தால், ரப்பரைத்தான் நம்ப வேண்டும். "துரை மட்டும் ஓட்டினது" என்ற கதையையும் அப்படியே விட்டு விடுங்கள்.

பார்க்கப் போவதற்கு முதல் நாளே, "நாங்க வாறதுக்கு முந்தி ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே" என்று சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, அதைச் சரி பண்ணலாம். குளிர்காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம். சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்து போகும், கவனம்.

விற்கிறவர் ஏ9 பாதையிலே மட்டமான இடத்தில் ஓட்டிக் காட்டுவார். அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். நமக்கு வேண்டியது உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கோ, ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமோ ஏறுவது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். சூட்டு முள் மேலே மேலே போனால் அந்தக் காரை விட்டு விடுங்கள். மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம், அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்து விடும். எக்ஸிலேட்டர் மிதிக்க இன்ஜின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளச் முடிந்து விட்டது. வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் அச்சு மூட்டுத் தேய்மானம். இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்றாலும், பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலும் அது நமது மலைக்கு ஆகாத வண்டி. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் உயிர் இருக்கிறது.

நமது ஊர் மழையும் மூடுபனியும் தகரத்தைத் தின்று விடும். கார்ப்பெட்டைத் தூக்கி, ஜாக் வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போனால் போதும். பெயின்டுக்குக் கீழே பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுப் புத்தகத்திலே 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால், கடனைத் தீர்த்து அந்தப் பெயரை நீக்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். இன்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். "ஓப்பன் பேப்பர் இருக்கு, பெயர் பிறகு மாத்தலாம்" என்பார்கள். புத்தகத்தில் பெயருள்ளவர் இடையில் இறந்து போனால், அவருடைய வாரிசுகள் பின்னாலே அலைய வேண்டியது நீங்கள்தான். தேருக்கு முந்தி வாசலில் கார் நிற்க வேண்டும் என்று அவசரப்பட்டுப் பெயர் மாற்றாமல் விடாதீர்கள். ஹயர் ஓடுவதானால் அதைக் காப்புறுதிக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு கூலிக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால், பணம் தர மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகி விடும்.