மனையியல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? - கம்பம்மெட்டு எழுப்பும் கேள்வி

- நமது தில்லி நிருபர் -

விடிந்தும் விடியாத வேளையில் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகள், கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்துக்குள் நுழைகின்றன. இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் தமிழகப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். வீடு திரும்ப மாலையாகிவிடும். தாய் இல்லாத அந்த நேரத்தில் உலை வைப்பதும், இளையவர்களைப் பள்ளிக்கு அனுப்புவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. அண்ணன் இருந்தாலும் அப்படித்தான்.

எல்லைக்கு அப்பால் 2024-ம் ஆண்டில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. கேரள அரசின் புதிய 3-ம் வகுப்புப் பாடநூலில் சமையலறைப் படம் ஒன்று இடம்பெற்றது. அதில் தேங்காய் துருவுபவர் அப்பா. இது நாடெங்கும் செய்தியாயிற்று. படத்தைப் பார்த்தால் போதுமா, துருவிப் பழக வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

தமிழகத்தில் மனையியல், மேல்நிலை வகுப்புகளில் விருப்பப் பாடம். உணவும் ஊட்டச்சத்தும், குழந்தை வளர்ப்பு, குடும்ப வரவு-செலவு என அன்றாட வாழ்வுக்கு வேண்டியவை அதில் உள்ளன. எனினும், அது மாணவிகளுக்கு உரியது என்ற எண்ணம் இன்னும் அகலவில்லை.

இத்தனைக்கும் இந்த வாதம் தில்லிக்குப் புதிதல்ல. மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்ற பொருள் தரும் சொல்லை 1948-ல் 'எல்லா மனிதர்களும்' என மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா. அவர் தலைமையிலான குழு, பாடத்திட்டத்தில் ஆண், பெண் பேதம் கூடாது என 1960-களிலேயே பரிந்துரைத்தது. கோத்தாரி கமிஷனும் (1964-66) அதை ஏற்று, மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. பெண்களுக்குக் கட்டாயம் இல்லை என்பது நடைமுறைக்கு வந்தது. ஆண்களும் கற்க வேண்டும் என்பதுதான் நின்றுபோனது.

பெண்களுக்கான பாடம் என்ற முத்திரையைப் போக்க, என்.சி.இ.ஆர்.டி. தனது மேல்நிலைப் பாடநூலுக்கு 'மனிதச் சூழலியலும் குடும்ப அறிவியலும்' என்று பெயரிட்டது. பெயர் மாறினால் வகுப்பறை மாறிவிடுமா?

அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட 6-ம் வகுப்புத் தொழிற்கல்வி நூலான 'கௌசல் போத்', இருபாலருக்கும் அடுப்பில்லாச் சமையல் கற்றுத் தருகிறது. ஆனால், அந்நூலில் உள்ள செயல்திட்டங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே. பள்ளி விரும்பினால் அதை எடுக்கலாம். அதை விடுத்து, பள்ளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது.